சின்ன பில் பிரிண்டரில் பேப்பர் சிக்காமல் வடிவமைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைக் கல்லாவில் இருக்கும் பில் பிரிண்டர், பஸ் நடத்துநர் கையிலிருக்கும் டிக்கெட் மெஷின், ஏ.டி.எம்.மில் சீட்டு தரும் பகுதி ஆகிய மூன்றிலும் உள்ளே இருப்பது ஒரே ஏற்பாடுதான். சூட்டால் எழுத்தைப் பதிக்கும் ஒரு தெர்மல் ஹெட், அதன்மேல் அழுந்தி நிற்கும் ஒரு ரப்பர் உருளை, இரண்டுக்கும் நடுவே ரோலிலிருந்து வரும் பேப்பர். இப்படி ஒன்றைத் தாமாகவே வடிவமைக்க முயலும் மாணவர்களும் சிறு தொழில் செய்வோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். அளவுகள் 58, 80 மி.மீ. அகல ரோல்களுக்கானவை.

ரோல் பேப்பர் ஒரே நீள நாடாதானே, அது ஏன் சிக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. தாள் தாளாக எடுக்கும் பிரிண்டரில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வரும், மூலை மடங்கும், அடுக்கு கலையும். ரோலில் இவை எதுவும் இல்லை. ஆனாலும் சிக்குகிறது. காரணம், ஒவ்வொரு பில்லும் கிழிக்கப்பட்டதும் அந்த நாடாவுக்கு ஒரு புதிய நுனி பிறக்கிறது. ஒரு நாளில் ஐந்நூறு பில் போட்டால் ஐந்நூறு நுனிகள். அந்த நுனிகளில் ஒன்று வழி தவறினால் போதும்.

சிக்கல் சரியாக எந்த இடத்தில் தொடங்குகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

பாயை ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் வீட்டின் கோடி வரை வரும். பின்னாலிருந்து தள்ளினால் இரண்டடிக்குள் மடிந்து மேடு கட்டும். பேப்பரும் அப்படித்தான். ரோலிலிருந்து ரப்பர் உருளை வரை பேப்பர் இழுக்கப்படுகிறது. அங்கே அது விறைப்பாக இருக்கும், மடிய வழியில்லை. உருளையைத் தாண்டியதும் அதை முன்னால் இருந்து இழுப்பவர் யாருமில்லை. பின்னாலிருந்து உருளை தள்ளுகிறது, நுனி தட்டுத்தடுமாறி வெளியே போக வேண்டியிருக்கிறது. அந்தத் தள்ளும் பகுதியில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. வடிவமைக்க வருபவர்களோ ரோல் வைக்கும் தொட்டியைப் பற்றி ஒரு மாதம் யோசிக்கிறார்கள். வெளியேறும் வாய்க்கு ஒரு நாள்கூட ஒதுக்குவதில்லை.

கணக்கும் இதையே சொல்கிறது. தாங்கலின்றி நிற்கும் ஒரு பட்டையைத் தள்ளும்போது அது மடியாமல் தாங்கக்கூடிய விசை, நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். உருளையிலிருந்து வாய் வரை 15 மி.மீ. இருந்ததை 30 மி.மீ. ஆக்கினால், பேப்பர் தாங்கும் விசை கால்வாசியாகிவிடும். தெர்மல் பேப்பரின் தடிமன் சுமார் 0.06 மி.மீ. தான். விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், விலை குறைந்த மெல்லிய ரோல் ஒன்றைப் போட்ட கணமே உங்கள் பாதுகாப்பு எல்லை சட்டென்று சுருங்கிவிடும். ஆகவே உருளையிலிருந்து வாய் வரையுள்ள தூரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். அழகுக்காக முன்பக்க மூடியை ஒரு விரல் அளவு தடிப்பாக்கச் சொல்லும் வடிவமைப்பாளரிடம் அங்கே மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பேப்பர் உருளையைச் சுற்றிச் சுருண்டுகொள்கிறதே, அது ஏன்?

ரோல் பேப்பரில் அச்சு விழும் பூச்சு வெளிப்பக்கம் இருக்கும்படி சுற்றியிருப்பார்கள். பூச்சுப் பக்கம் ஹெட்டைத் தொட வேண்டும். அப்படியானால் உள்பக்கம் உருளையைத் தொடும். சுருண்டு பழகிய பேப்பர் எப்போதும் உள்பக்கமாகவே வளையப் பார்க்கும். அதாவது, அதன் இயல்பான வளைவு அதை உருளையின் மடியிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

ரோல் புதிதாக இருக்கும்போது வளைவின் ஆரம் 40 மி.மீ. அளவில் இருக்கும், பெரிதாகத் தொல்லை தராது. தீரும் தறுவாயில் பேப்பர் 18 மி.மீ. விட்டமுள்ள குழலை ஒட்டிச் சுற்றியிருக்கும், அதாவது ஆரம் 9 மி.மீ. சின்ன பிரிண்டர்களில் ரப்பர் உருளையின் ஆரமும் சில மி.மீ. தான். இரண்டும் நெருங்கி வரும்போது நுனி உருளையோடு ஒரு சுற்று போய்த் திரும்பவும் உள்ளே நுழைகிறது. அதன்பிறகு ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றை இறுக்கும். “ரோல் தீரப்போகும்போதுதான் சிக்குகிறது” என்று கடைக்காரர்கள் சொல்வது பிரமை இல்லை.

தீர்வு, உருளைப் பக்கத்தில் பேப்பரைப் பிரித்தெடுக்கும் ஒரு விளிம்பு. உருளையின் பரப்பிலிருந்து அரை மி.மீ. இடைவெளியில், அகலம் முழுவதும், கூர்மையான நுனியோடு அது நிற்க வேண்டும். நுனி மழுங்கலாக இருந்தால் பேப்பர் அதன்மேல் ஏறாமல் முட்டிக்கொண்டு நிற்கும். எதிர்ப்புறம், அதாவது ஹெட் பக்கம், சற்றுத் தாராளமாக விட்டாலும் பாதகமில்லை. பேப்பர் அந்தப் பக்கம் போகவே விரும்பாது. பல முன்மாதிரிகளில் இது தலைகீழாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வழி, ஹெட்டுக்கு வரும் முன்பே பேப்பரை எதிர்த்திசையில் ஒரு மெல்லிய தண்டின்மேல் வளைத்து அதன் சுருளை உடைப்பது. பலன் உண்டு. ஆனால் இழுவிசை கூடும். இரவு முழுவதும் அப்படியே நின்றால் காலையில் முதல் பில்லில் அந்த இடத்தில் ஒரு மடிப்புத் தழும்பு தெரியும். கையடக்கக் கருவியில் நான் இதைத் தவிர்ப்பேன்.

புது ரோல் போட்டவுடன் எழுத்துகள் நசுங்கி விழுகின்றன. இதுவும் ஜாமா (பேப்பர் சிக்கலா)?

ஜாமின் முன்னறிவிப்பு. உருளை சுழல்கிறது, பேப்பர் அதே அளவு நகரவில்லை, வழுக்குகிறது. எடையைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 80 மி.மீ. அகலம், 80 மீட்டர் நீளம், சதுர மீட்டருக்கு 55 கிராம் என்றால் ரோல் சுமார் 350 கிராம். விட்டமும் ஏறக்குறைய 80 மி.மீ. வரும். தொட்டியில் கிடக்கும் இந்த ரோலை உருட்ட, உராய்வு எண் 0.3 என்று வைத்தால் ஒரு நியூட்டன் போதும். ஆனால் நின்ற நிலையிலிருந்து நொடிக்கு 150 மி.மீ. வேகத்துக்கு 10 மில்லி நொடியில் தாவினால், ரோலின் நிலைமத்துக்காக மட்டும் கூடுதலாக இரண்டரை நியூட்டனுக்கு மேல் வேண்டும். அதையே 50 மில்லி நொடிக்கு நீட்டினால் அரை நியூட்டனோடு முடிந்துவிடும். உருளையைச் சின்னச் சின்னப் படிகளாகச் சுழற்றும் ஸ்டெப்பர் மோட்டாரின் வேகத்தைப் படிப்படியாக ஏற்றுவது மென்பொருளில் சில வரிகள். அதைச் செய்யாமல் பெரிய மோட்டார் தேடி அலைபவர்களைக் கண்டிருக்கிறேன்.

வேகமான மெஷின் என்றால், ரோலுக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஸ்பிரிங் வைத்த ஒரு தண்டு போடலாம். பேப்பர் அதன்மேல் வளைந்து போகும். முதல் இழுப்பில் தண்டு இறங்கிக்கொடுக்கும், அதற்குள் ரோல் மெதுவாக உருளத் தொடங்கும்.

ரோலைத் தண்டில் கோர்ப்பதா, தொட்டியில் போடுவதா?

தொட்டிதான். தண்டில் கோர்த்தால் ரோல் நேராகச் சுழலும் என்பது உண்மை. ஆனால் அவசரத்தில் யாரும் தண்டைச் சரியாகப் பூட்டுவதில்லை. அரைகுறையாகக் கோர்த்த ரோல் தொட்டியில் கிடப்பதைவிட மோசமாக ஆடும். தொட்டியின் அடியில் பேப்பர் ஓடும் திசையிலேயே இரண்டு மூன்று மெல்லிய வரிகள் எழுப்பிவிடுங்கள், உராய்வு குறையும். கையடக்கக் கருவியைக் கவிழ்த்துப் பிடித்தாலும் வேலை செய்ய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஓடும் பஸ்ஸில் நடத்துநர் அதை நிலைமட்டமாகப் பிடித்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

பக்கவாட்டில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

‘58 மி.மீ.’ என்று விற்கும் ரோலின் உண்மையான அகலம் பொதுவாக 57.5 மி.மீ., கூடக்குறைய அரை மி.மீ. ஆகவே 58 மி.மீ. வழித்தடம் போட்டால் சில ரோல்கள் விளிம்பை உரசிக்கொண்டே வரும். நான் 58.5 வைப்பேன். அதற்கு மேல் விட்டால் பேப்பர் கோணலாக ஓடத் தொடங்கும். ஈரப்பதமும் ஒரு கணக்கு: பேப்பரின் இழைகள் நாடாவின் நீளவாக்கில் கிடப்பதால், ஈரம் குடித்தால் அது நீளத்தைவிட அகலத்தில்தான் அதிகம் விரியும். மார்கழியில் சரியாக ஓடியது ஐப்பசி மழையில் உரசுகிறது என்றால் மோட்டாரைச் சந்தேகிக்காதீர்கள்.

கட்டர் (பில்லைத் தானே வெட்டும் கத்தி) வைக்கலாமா?

வைக்காமல் இருக்க முடியுமானால் வைக்காதீர்கள். பல் வைத்த கிழிக்கும் பட்டையை உருளைக்கு ஓரிரு மி.மீ. அருகில் கொண்டுவரலாம். கிழித்தபின் நுனி ஏற்கெனவே வெளியே நிற்கிறது. அடுத்த பில்லுக்கு அது எந்த வாசலையும் தேட வேண்டியதில்லை. டிக்கெட் மெஷின்கள் அவ்வளவு அடிபட்டும் சளைக்காமல் ஓடுவதில் இதற்குப் பங்கு உண்டு. அதில் ஒரு எச்சரிக்கை: பயணி வெடுக்கென்று இழுக்கும்போது உருளை திரும்பக் கூடாது. அச்சு முடிந்தபின் மோட்டாருக்கு அரை நொடியாவது பிடிப்பு மின்சாரம் கொடுத்து வையுங்கள்.

கட்டர் கட்டாயம் என்றால், உருளைக்கும் கத்திக்கும் நடுவே பத்துப் பதினைந்து மி.மீ. வந்துவிடும், மேலே சொன்ன தள்ளும் தூரம் அதுதான். வெட்டுப்பட்ட நுனி அசையாக் கத்திக்கும் ஓடும் கத்திக்கும் இடையிலுள்ள பிளவு வழியாகப் போக வேண்டும். அந்தப் பிளவின் வாய் புனல் போல விரிந்திருக்கட்டும். வெட்டியபின் பேப்பரைப் பின்னால் இழுக்காதீர்கள். மேல் வெள்ளை இடத்தைக் குறைக்க மென்பொருள்காரர்கள் அதைக் கேட்பார்கள். நுனி கத்தியைத் தாண்டி உள்ளே போனால் திரும்பும்போது முட்டும்.

நடுவில் ஒரு புள்ளியை மட்டும் வெட்டாமல் விடுவது நல்ல வழக்கம். முழுக்க வெட்டினால், யாரும் எடுக்காத பில் சரிந்து மீண்டும் கத்தி வாய்க்குள் விழலாம். அடுத்த வெட்டில் அது இரண்டு துண்டாகி, ஒரு துண்டு உள்ளே தங்கும். தீபாவளி நேரத்தில் ஓர் இனிப்புக் கடையில் மேல்வாய் வைத்த பிரிண்டர் ஒன்றைத் திறந்தபோது இப்படிப்பட்ட துணுக்குகள் ஒரு கைப்பிடி வந்தன. கூடவே கொஞ்சம் சர்க்கரையும். மேல்நோக்கிய வாயில் பேப்பர் மட்டுமா விழும்? முன்பக்கம் வாய் வைத்தால் வெட்டிய பில் தன் எடையில் கீழே தொங்கும், தூசியும் குறையும்.

வழித்தடத்தின் உட்பரப்பு எப்படி இருக்க வேண்டும்?

ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் ஓட்டின் விளிம்பு கீழ் ஓட்டின்மேல் படிந்திருப்பதால் தண்ணீர் தடையின்றி இறங்குகிறது. மாற்றி அடுக்கினால் வீடு ஒழுகும். பேப்பர் ஒரு பாகத்திலிருந்து அடுத்த பாகத்துக்குப் போகும் ஒவ்வொரு இணைப்பிலும், அடுத்த பாகத்தின் விளிம்பு 0.3 முதல் 0.5 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். வரைபடத்தில் இரண்டையும் சமமாக வரைந்தால், தயாரிப்பில் ஏதாவது ஒன்று உயரத்தான் செய்யும். பிளாஸ்டிக் வார்ப்பின் இணைப்புக் கோடு, வார்ப்புக்குழம்பு புகுந்த தழும்பு ஆகிய இரண்டும் பேப்பர் தொடும் பரப்பில் வராதபடி அச்சு செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

என் முதல் முன்மாதிரியை முப்பரிமாண அச்சில் எடுத்தேன். ஒன்றரை நாள் மோட்டாரைக் குறை சொன்னேன், பிறகு ரோலை, பிறகு என்னை. கடைசியில் விரலால் தடவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அடுக்குக் கோடுகள் பேப்பர் ஓடும் திசைக்குக் குறுக்காக, ரம்பப் பல் மாதிரி நின்றன. அதே பாகத்தைத் திருப்பி வைத்து, கோடுகள் ஓட்டத்தோடு போகும்படி எடுத்தேன். சரியாகிவிட்டது.

மூடி எப்படி இருக்க வேண்டும்?

ரப்பர் உருளை மூடியோடு சேர்ந்து எழ வேண்டும். திறந்தால் ஹெட்டும் உருளையும் பிரிந்து வழித்தடம் முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்த ஒன்று இருந்தால் சிக்கிய பேப்பரை ஐந்து நொடியில் எடுக்கலாம். எந்த நுனியையும் எந்தப் பிளவுக்குள்ளும் நுழைக்க வேண்டியதில்லை. கொக்கி இரண்டு பக்கமும் இருக்கட்டும், இரண்டும் ஒரே தண்டில் இணைந்திருக்கட்டும். ஒரு மூலையை அழுத்தி மூடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. ஒரு கொக்கி மாட்டி மற்றது மாட்டாமல் நின்றால் அழுத்தம் சாய்ந்து பேப்பர் ஒரு பக்கமாக நடக்கும். பாதி மூடிய மூடியைத் தானே தள்ளித் திறந்துவிடும் ஸ்பிரிங் ஒன்றும் வையுங்கள்.

பேப்பர் தீர்ந்ததைக் காட்டும் சென்சார் ஜாமையும் காட்டாதா?

காட்டாது. அது ஹெட்டுக்கு முன்னால் இருக்கும் ஓர் அகச்சிவப்புக் கண். பேப்பர் மேலே இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். உருளையில் பேப்பர் பத்துச் சுற்று சுற்றிக்கொண்டிருக்கும்போதும் அது “எல்லாம் சரி” என்றுதான் சொல்லும். ஸ்டெப்பர் மோட்டாரும் வாய் திறக்காது. வாசலில் இன்னொரு கண் வையுங்கள். இத்தனை படி சுழற்றியபின் நுனி வாசலை எட்டியிருக்க வேண்டும் என்பது தெரிந்த கணக்கு: ஹெட் ஒரே நேரத்தில் பதிக்கும் ஒரு புள்ளி வரிக்கு 0.125 மி.மீ. என்றால் 20 மி.மீ. தூரம் 160 வரிகள். அதற்குள் வரவில்லையா, உடனே நிறுத்துங்கள். இரண்டு செ.மீ. மடிந்த பேப்பரை விரலால் எடுத்துவிடலாம். ஒரு மீட்டர் இறுகச் சுற்றியபின் அது கட்டையாகிவிடும்.

கத்தி தொடங்கிய இடத்துக்குத் திரும்பிவிட்டதா என்று காட்ட, கட்டருக்குத் தனியே ஒரு இருப்பிட சென்சார் வேண்டும். கத்தி அங்கே திரும்பவில்லை என்றால் ஒருமுறை பின்னோக்கிச் சுழற்றிப் பார்க்கலாம். இரண்டாம் முறையும் திரும்பவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், பற்சக்கரம் உடையும்.

ஸ்டிக்கர் லேபிளுக்கும் இதே வடிவம் பொருந்துமா?

பொருந்தாது. பசை கசியும், லேபிள் உருளையில் ஒட்டிக்கொள்ளும். வேறு ரப்பர், வேறு வழித்தடம். அது தனிப் பாடம்.

ரோல் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

கடைசிச் சுற்று குழலோடு பசையால் ஒட்டப்பட்டிருக்கக் கூடாது. ஒட்டியிருந்தால் ரோல் தீரும்போது உருளை இழுக்க, குழல் விடாமல் பிடிக்க, பேப்பர் நடுவில் நின்றுவிடும். புது ரோலின் முதல் சுற்றைப் பசைப் பகுதியோடு கிழித்துவிட்டுப் போடுங்கள். விளிம்பு நேராக வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிசிறு இருந்தால் அது தூளாகிக் கட்டரில் சேரும்.

ஏற்கெனவே சிக்கிவிட்டது. எப்படி எடுப்பது?

மூடியைத் திறந்து, பேப்பர் ஓடும் திசையிலேயே இழுங்கள். கத்தி, திருப்புளி, கல்லாவில் கிடக்கும் சாவி எதையும் ஹெட் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வெப்பம் தரும் புள்ளிகள்மேல் இருப்பது மெல்லிய கண்ணாடிப் பூச்சு; ஒரு கீறல் விழுந்தால் ஒவ்வொரு பில்லிலும் ஒரு வெள்ளைக் கோடு வந்துகொண்டேயிருக்கும்.

வடிவம் தேறிவிட்டது என்று எப்போது சொல்லலாம்?

நல்ல ரோலில் பத்தாயிரம் பில் ஓடியதை வைத்துச் சொல்லாதீர்கள். நான் செய்வது இது. சந்தையில் கிடைக்கும் மிக மலிவான ரோலை வாங்குவேன். அதில் கடைசி இரண்டு மீட்டரைத் தவிர மற்றதை உருவி எறிந்துவிட்டு, ஒரு நாள் ஈரத்துணியோடு மூடிய டப்பாவில் வைத்திருந்து, எடுத்த கையோடு போடுவேன். மிகச் சிறிய பில்களாக அடித்து ஒவ்வொன்றையும் கிழிப்பேன், அப்போதுதான் நுனிகளின் எண்ணிக்கை கூடும். பிறகு வாசலை விரலால் அடைத்துக்கொண்டு பில் கொடுப்பேன், எத்தனை மி.மீ.இல் நிற்கிறது என்று அளப்பேன். கைபேசியில் மெதுவோட்டக் காட்சியாக நுனியைப் படமெடுத்தால், அது எந்த விளிம்பில் தயங்குகிறது என்பது சிக்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். தயங்கும் அந்த விளிம்பைத் தேய்த்துவிட்டு மறுபடியும் அதே ஈர ரோலைப் போடுவேன்.